முதலில் குளம், பிறகு கடல்

பெர்ஹெந்தியான், தியோமான் தீவுகளுக்குச் செல்லும் இளையோர் பலர், கடலுக்கடியில் முக்குளிக்க ஆசைப்படுகின்றனர். ஆசை நல்லதே, அவசரம்தான் ஆபத்தானது.

கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம், நீர்மட்டத்தில் உள்ளதைவிட இரு மடங்காகும். அங்குக் காற்றுக்கலனிலிருந்து சுவாசிப்பவர் மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறினால், உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடக்கூடும். ஆனால், பதற்றத்தில் மூச்சை அடக்குவதும் விரைந்து மேலெழ முயல்வதும் மனித இயல்பு. இவ்வியல்பை மாற்ற, படகில் தரப்படும் சில நிமிட விளக்கம் போதாது. நீச்சல் குளத்தில், தகுதிபெற்ற பயிற்றுநரிடம் மீண்டும் மீண்டும் பழக வேண்டும். மிதப்பைக் கட்டுப்படுத்தக் கற்றவரே பவளப்பாறைகளை மிதிக்காமல் நீந்த முடியும்.

பயிற்சிக்குப் பணமும் நேரமும் செலவாகும் என்பது உண்மையே. ஆயினும், இழந்த உயிரையோ உடைந்த பவளப்பாறையையோ பணத்தால் மீட்க முடியாது.