கோஷமா, காசா என்ற பொய்க் கேள்வி

வீடியோ கேம் உலகில் அரசியல் சர்ச்சை வெடிக்கும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கோஷம் போடுவதும் புறக்கணிப்பு என்று கிளம்புவதும் வெறும் சீன். உண்மையிலேயே அக்கறை இருந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குக் காசு அனுப்பு, அனுப்பிவிட்டு நிம்மதியாக விளையாடு என்பதுதான் அது. இப்படிச் சொல்பவர்களில் பலர் உண்மையாகவே நன்கொடை கொடுப்பவர்கள். அதனாலேயே இந்த வாதத்துக்கு ஒரு மரியாதை கிடைத்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் அவ்வளவு மரியாதைக்கு அது தகுதியானதல்ல.

முதலில், அடையாளப் போராட்டத்துக்குச் செலவே இல்லை என்ற பேச்சு.

2019 அக்டோபர் 6. பிளிசார்ட் நிறுவனத்தின் ஹார்த்ஸ்டோன் சீட்டு விளையாட்டில் ஆசிய-பசிபிக் கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஆட்டம் முடிந்து நேரலைப் பேட்டிக்கு வந்த ஹாங்காங் வீரர் பிளிட்ஸ்சங், கண்ணை மூடும் கண்ணாடியும் கண்ணீர்ப் புகைக்கு மாட்டும் முகமூடியும் அணிந்திருந்தார். ஹாங்காங்கை விடுவிப்போம், இது நம் காலத்தின் புரட்சி என்ற, அப்போதைய ஹாங்காங் போராட்டத்தின் தெரு முழக்கத்தைச் சொன்னார். என்ன வரப்போகிறது என்று தெரிந்த வர்ணனையாளர்கள் இருவரும் தலையை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டார்கள். போராட்டக் கூட்டங்களில் முகத்தை மறைக்கத் தடை போட்ட சட்டம் ஹாங்காங்கில் முந்தைய நாள்தான் அமலுக்கு வந்திருந்தது. அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த முகமூடியின் கனம் தெரியும்.

இரண்டே நாளில் தண்டனை வந்தது. ஓராண்டுத் தடை, அந்தப் பருவத்தின் பரிசுப் பணமும் கிடையாது. குனிந்த வர்ணனையாளர்களுக்கும் வேலை போயிற்று. அதே வாரம் வாஷிங்டனின் அமெரிக்கன் பல்கலைக்கழக மாணவர்கள் மூவர், கல்லூரிப் போட்டியின் நேரலையில் ஹாங்காங்குக்கு ஆதரவாக ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்தார்கள். அவர்களை நிறுவனம் உடனே தண்டிக்கவில்லை. அவர்களோ, ‘தப்பித்தோம்’ என்று இருந்துவிடாமல், ஹாங்காங்காரருக்கு ஒரு நீதி எங்களுக்கு ஒரு நீதியா என்று கேட்டுப் போட்டியிலிருந்து விலகினார்கள். பிறகு அவர்களுக்கும் ஆறு மாதத் தடை வந்தது. பிரபல வர்ணனையாளர் பிரையன் கிப்ளர் கிராண்ட்மாஸ்டர்ஸ் பணியை வேண்டாமென்றார். இதில் செலவில்லாமல் நடந்தது எது?

செலவில்லாத அடையாளங்களும் உண்டு, மறுக்கவில்லை. எட்டு மாதம் கழித்து, 2020 ஜூனில், கால் ஆஃப் டூட்டி விளையாட்டைத் திறந்தால் கறுப்பின மக்களின் போராட்டத்துக்கு ஆதரவான வாசகம் திரையில் வந்தது. அதை வைத்த ஆக்டிவிஷனும் பிளிட்ஸ்சங்கைத் தண்டித்த பிளிசார்டும் ஒரே குழுமம். ‘சீன்’ என்ற சொல்லை அந்தத் திரைக்குச் சொல்லுங்கள், நானும் கூடவே சொல்கிறேன். முகமூடி போட்ட வீரரையும் அந்தத் திரையையும் ஒரே கூடையில் போடுவதில்தான் எனக்குத் தகராறு.

இரண்டாவது, இவற்றால் எதுவும் மாறாது என்பது. மாறியது. பிளிசார்ட் தலைமையகத்தில் ஓர்க் வீரன் சிலையைச் சுற்றி நிறுவனத்தின் கொள்கைகள் பதித்திருக்கும். ‘எல்லாக் குரலுக்கும் மதிப்புண்டு’ என்ற பொருளில் அமைந்த பலகையை ஊழியர்களே காகிதம் ஒட்டி மறைத்தார்கள். விளையாடுபவர்கள் கணக்கை நீக்கினார்கள். அந்நிறுவனத்தின் இன்னொரு விளையாட்டான ஓவர்வாட்ச்சில் வரும் மெய் என்ற சீனப் பெண் பாத்திரத்தை ஹாங்காங் போராட்டத்தின் முகமாக வரைந்து பரப்பினார்கள். தண்டனை வந்த சில நாட்களிலேயே தடை ஆறு மாதமாகக் குறைந்தது, பரிசுப் பணமும் திரும்பக் கிடைத்தது. நவம்பர் 1 அன்று பிளிஸ்கான் மேடையில் நிறுவனத் தலைவர் ஜே. ஆலன் பிராக் மன்னிப்புக் கேட்டார். தடையை முழுதாக நீக்கவில்லை. அந்த மன்னிப்பு அரைகுறைதான். ஆனால் பறிபோன பணம் அந்த வீரரிடம் திரும்பியது கோஷத்தால்தான்.

‘சரி, ஹாங்காங் மாறியதா?’ என்று கேட்பார்கள். இல்லை. 2020 ஜூன் 30 அன்று தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதை எந்தக் கேமரும் தடுக்கவில்லை. இந்த இடத்தில், காசு அனுப்பினால் போதும் என்னும் காசுக்கட்சி நெஞ்சை நிமிர்த்தும். அவர்களுக்கு ஹாங்காங் நன்கொடைகளின் கதையை நினைவூட்ட வேண்டும். கைதான போராட்டக்காரர்களுக்கு உதவிய ஸ்பார்க் அலையன்ஸ் நிதியிலிருந்து சுமார் 7 கோடி ஹாங்காங் டாலரைப் போலீஸ் 2019 டிசம்பரில் முடக்கியது; நான்கு பேரைக் கைது செய்தது. 612 மனிதநேய நிவாரண நிதியும் 2021-இல் மூடப்பட்டது. அதன் அறங்காவலர்களில் ஒருவர் கர்தினால் ஜோசப் ஜென். நிதியைச் சங்கமாகப் பதிவு செய்யவில்லை என்று 2022-இல், அப்போது தொண்ணூறு வயதான அவரையும் மற்றவர்களையும் குற்றவாளிகளாக்கி அபராதம் போட்டார்கள். அரசு நினைத்தால் கணக்கை முடக்க ஒரு கையெழுத்து போதும். காசு கைக்குப் போய்ச் சேருவது உறுதி என்பதும் ஒரு நம்பிக்கைதான்.

மூன்றாவது, கோஷம் போட்டவன் கடமை முடிந்தது என்று நன்கொடையை மறந்துவிடுவான் என்ற பயம். இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்குப் பிறகு, 2020 ஜூனில், இட்ச் என்ற விளையாட்டு விற்பனைத் தளம் நிதி திரட்ட ஒரு தொகுப்பை விற்றது. 1,700-க்கும் மேற்பட்ட விளையாட்டுகளும் பிற ஆக்கங்களும். குறைந்தபட்ச விலை ஐந்து டாலர். எட்டு லட்சத்துக்கும் அதிகமானோர் வாங்கினார்கள். 80 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்து, கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக வழக்காடும் என்.ஏ.ஏ.சி.பி. சட்டப் பாதுகாப்பு நிதிக்கும் கைதானவர்களை ஜாமீனில் எடுக்கும் நிதிக்கும் போனது. தெருக்கள் நிறைந்து, எல்லோர் வாயிலும் கோஷம் இருந்த அதே நாட்களில்தான் இவ்வளவும் சேர்ந்தது. அமைதியான ஒரு மாதத்தில் அதே தொகுப்பை விற்றிருந்தால் இதில் பாதி வந்திருக்குமா?

கடைசியாக, காசுக்கட்சியின் பெரிய ஆயுதம்: ஹாக்வர்ட்ஸ் லெகசி. திருநர் உரிமைகள் பற்றி, அதன் கதையுலகைப் படைத்த ஜே. கே. ரௌலிங் சொல்லிவரும் கருத்துகளுக்காக அந்த விளையாட்டைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். 2023 பிப்ரவரியில் வெளிவந்து, முதல் இரண்டு வாரத்தில் 1 கோடியே 20 லட்சம் பிரதிகள் விற்றது. விற்பனையில் புறக்கணிப்பு படுதோல்வி. விளையாடிய சின்னச் சின்ன ஸ்ட்ரீமர்களை மொய்த்துக்கொண்டு திட்டியது அசிங்கம். எந்த அதிகாரமும் இல்லாத ஒருவரை அழவைப்பதால் எந்த உரிமையும் வருவதில்லை. ‘வாங்கி விளையாடு, கூடவே ஒரு திருநர் அமைப்புக்கும் கொடு’ என்ற யோசனை அப்போது பலருக்கும் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

ஆனால் அந்த யோசனை பாதிக் கணக்கைத்தான் எழுதுகிறது. அமைப்புக்குக் கொடுத்தது நடைமுறை உதவி என்றால், விளையாட்டுக்குக் கொடுத்ததும் நடைமுறை உதவிதான், யாருக்கு என்பதுதான் வேறு. வாசகர்களை இழப்பது வருத்தமில்லையா என்று கேட்டவருக்கு, ராயல்டி காசோலைகளைப் பார்த்தால் வலி போய்விடுகிறது என்ற பொருளில் ரௌலிங் 2022-இல் நக்கலாகப் பதில் சொன்னார். வாங்குபவர்கள் ‘இது வெறும் பொழுதுபோக்கு’ என்று நினைத்த பணத்தை அவர் தனக்கான ஓட்டாக வாசித்தார்.

2024-இல் ஃபார் விமன் ஸ்காட்லாந்து அமைப்பின் வழக்குச் செலவுக்கு அவர் 70,000 பவுண்டு கொடுத்தார். அது எந்த நாவலின், எந்தப் படத்தின், எந்த விளையாட்டின் பணம் என்று நோட்டில் எழுதியிருக்காது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அந்த அமைப்புக்குச் சாதகமாக, சமத்துவச் சட்டத்தில் பெண் என்பது உயிரியல் பாலினத்தையே குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு சரியா தவறா என்பது வேறு சண்டை. காசுக்கட்சி சொல்லும் நடைமுறை உதவியை அவர் செய்துகாட்டினார். விளையாடிவிட்டு நன்கொடை கொடுத்தவர்கள் தங்கள் வரவு செலவில் அந்தப் பக்கத்தையும் எழுதிக்கொள்ளட்டும்.