மறைத்தலும் மரபும்

ஒரு குடும்பத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் கண்டால் இருவகைப் பேச்சு எழக் காண்கிறோம். 'எல்லாம் நஸீபு' என்பார் சிலர். 'வெளியே சொல்லாதீர்கள், பெண்பிள்ளைகளின் நிக்காஹ் தடைப்படும்' என்பார் வேறு சிலர். முன்னது முயற்சியை முடக்குகிறது. பின்னது உண்மையை மூடுகிறது. இரண்டும் தவறு என்பதைப் பல்லாயிரம் மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஆய்வுகள் உணர்த்துகின்றன.

1951-ஆம் ஆண்டு பிரிட்டனில் ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் எனும் அறிஞர் இருவர், அந்நாட்டு மருத்துவர்களுக்கு அவர்தம் புகைப்பழக்கம் குறித்த சிறு வினாப்படிவத்தை அனுப்பினர். விடையளித்த ஆண் மருத்துவர் 34,439 பேரின் வாழ்வும் சாவும் 2001 வரை அரை நூற்றாண்டு குறித்து வரப்பெற்றன. 2004-இல் வெளியான முடிவு யாது? தொடர்ந்து புகைத்தோர் புகையாதோரைவிட ஏறத்தாழ 10 ஆண்டுகள் முன்னதாகவே உயிர்நீத்தனர். 60 வயதில் அப்பழக்கத்தை விட்டவர் 3 ஆண்டுகளையும், 50-இல் விட்டவர் 6 ஆண்டுகளையும், 40-இல் விட்டவர் 9 ஆண்டுகளையும் மீட்டனர். 30-இல் விட்டவரோ இழக்கவிருந்த 10 ஆண்டுகளையும் ஏறக்குறைய முழுமையாகவே மீட்டனர். திருந்துதற்குக் காலங்கடந்த வயது என ஒன்றில்லை என்பது இதனால் விளங்கும்.

அவ்வாறாயின் மரபுக்குப் பங்கில்லையா? உண்டு. சுவீடன், டென்மார்க், பின்லாந்து நாடுகளின் 44,788 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து 2000-இல் வெளியான ஆய்வு, மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் 27 விழுக்காடு மரபைச் சார்ந்தது என மதிப்பிட்டது. எஞ்சிய பெரும்பகுதி வாழ்க்கை முறையையும் சூழலையும் பிறவற்றையும் சார்ந்தது. எனினும், பி.ஆர்.சி.ஏ. எனும் மரபணுக்களில் பழுது நேர்ந்த குடும்பங்களில் மார்பகம், சினைப்பை ஆகியவற்றில் புற்றுத் தோன்றும் வாய்ப்பு மிகுதி. இப்பழுது தாய்வழி மட்டுமன்றித் தந்தைவழியும் வரும். பெற்றோருள் ஒருவருக்கு இருப்பின், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. மாமிக்கு வந்த நோயை மறைத்தால், மருமகள் முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்ளும் வாய்ப்பை இழக்கிறாள். அவளது நிக்காஹைக் காப்பதாக எண்ணி அவளது உயிரையே பணயம் வைக்கிறோம் அல்லவா?

பிரிட்டனின் 'யு.கே. பயோபாங்க்' ஆய்வுக்கென 2006 முதல் 2010 வரை 5 லட்சம் பேர் தம் குருதியையும் வாழ்க்கை விவரங்களையும் மனமுவந்து அளித்தனர். தமக்கென எப்பயனும் கருதாது வருங்காலத் தலைமுறைக்காக அளித்த இக்கொடையை ஸதக்கத்துல் ஜாரியாவுக்கு ஒப்பிட்டால் மிகையாகாது. ஆயினும் அவருள் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வழியினர். அவர்தம் மரபணுக்களிலிருந்து பெற்ற கணிப்பு நமக்கு முற்றும் பொருந்தும் எனக் கொள்ளல் இயலாது. கேரளத்துக் கருநாகப்பள்ளியில் 1990-களில் வீடுதோறும் சென்று விவரம் திரட்டி நிகழ்ந்த நெடுங்கால ஆய்வு போன்றவை நம் நாட்டில் பெருகவேண்டும். அத்தகைய ஆய்வாளர் நம் வாசலுக்கு வருங்கால், நாம் மெய்யுரைக்கும் மக்களாக இருத்தல் வேண்டும்.

ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. ஜமாஅத் பெரியோர்கள் இதனை எடுத்துரைக்க வேண்டும். மாணவச் செல்வங்கள் தத்தம் இல்லத்தில் மூன்று தலைமுறையின் நோய் வரலாற்றைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். மறைக்கும் வழக்கம் நம் தலைமுறையோடு ஒழிய எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!