நிழலுக்குக் கதவடைப்பு; புகைக்கு வரவேற்பா?

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் தமிழகத்தில் ஒரு கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. கோவை, திண்டுக்கல், திருச்சி ஆகிய பகுதிகளில் சந்திரன் சூரியனின் நடுப்பகுதியை மறைத்து, ஓரத்தை மட்டும் ஒளி வளையமாக விட்டுவைத்தது. காலை 8 மணியளவில் தொடங்கிய அந்த நிகழ்ச்சி 11 மணிக்குச் சற்றுப் பின்னர் முடிந்தது. அந்த மூன்று மணி நேரமும் நம் ஊர்களில் பல வீடுகளில் கருவுற்ற பெண்களை வெளியே வர விடவில்லை. கதவும் சன்னலும் சாத்தப்பட்டன. அவர்கள் காய் நறுக்குவதும் கூடாது என்றார்கள். கிரகணம் பட்டால் பிள்ளை உதடு பிளந்து பிறக்கும் என்பது பெரியவர்களின் அச்சம்.

மாணவ நண்பர்களே, கிரகணம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். சூரியனுக்கும் பூமிக்கும் இடையே சந்திரன் வருகிறது. அதன் நிழல் நம்மேல் விழுகிறது. நிழல் என்பது ஒரு பொருளன்று. ஒளி வராத இடம், அவ்வளவுதான். சூரியனை வெறும் கண்ணால் உற்றுப் பார்த்தால் யாருடைய கண்ணும் கெடும். அது வேறு செய்தி. புளியமர நிழலில் நிற்பதால் கருவுக்குக் கேடு வருமா? வராது. சந்திரனின் நிழலும் அப்படியே.

ஆனால் நான் இங்கே சொல்ல வருவது கிரகணத்தைப் பற்றியதன்று. சன்னலைச் சாத்திய அதே வீட்டில், அதே கூடத்தில், ஒருவர் பீடியையோ சிகரெட்டையோ பற்ற வைத்தால் பெரும்பாலும் எவரும் தடுப்பதில்லை. கேடில்லாத நிழலை வாசலில் நிறுத்திவிட்டு, கேடுள்ள புகையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிறோம். கிரகணம் மூன்று மணி நேரத்தில் போய்விடும். புகையோ கருவுற்ற நாள் முதல் பிள்ளை பிறக்கும் வரை நாள்தோறும் வருகிறது.

கருவுற்ற பெண் இருக்கும் வீட்டில், எந்த அறையிலும், எந்த நேரத்திலும் புகைபிடிக்கக் கூடாது என்பது என் கருத்து. "புகை வருகிறது, நீ உள்ளே போம்மா" என்று அவளை நகர்த்துவது தீர்வாகாது. நகர வேண்டியவள் அவளல்ல, நெருப்பு. இதை வெறும் அறிவுரையாகச் சொல்லவில்லை. புகை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தால் வேறு முடிவுக்கு வர இயலாது.

எரியும் சிகரெட்டிலிருந்து புகை இரண்டு வழிகளில் வெளிவருகிறது. புகைப்பவர் இழுத்து ஊதுவது ஒன்று. இழுப்புக்கும் இழுப்புக்கும் இடையில் நுனி கனிந்துகொண்டிருக்கும்போது தானாகக் கிளம்புவது மற்றொன்று. அறையில் சேரும் புகையில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகையே. இழுக்கும்போது காற்று பாய்வதால் நுனியின் வெப்பநிலை 900 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது. சும்மா கனியும்போது அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அடுப்பு நன்றாக எரிவதற்கும் ஈர விறகு புகைவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். குறைந்த வெப்பத்தில் எரிதல் முழுமையடைவதில்லை. ஆகவே கார்பன் மோனாக்சைடு உள்ளிட்ட பல நச்சுகள் இந்தப் புகையில் கூடுதலாக இருக்கின்றன. புகைப்பவர் இழுப்பதற்காவது ஒரு வடிகட்டி உண்டு. பக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் இல்லை.

இனிப் புகைத் துகளின் அளவைப் பார்ப்போம். அதன் விட்டம் ஒரு மைக்ரானில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். இவ்வளவு சிறிய துகள் அசையாத காற்றில் கீழே விழும் வேகத்தை ஸ்டோக்ஸ் விதியைக் கொண்டு கணக்கிடலாம். ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர்தான் வருகிறது. அதாவது, ஆள் உயரத்தில் இருக்கும் துகள் தரைக்கு வர ஐந்து நாளாகும்! அதற்குள் அது காற்றோடு எங்கெங்கும் போய்விடும். கூடத்தில் ஊதுபத்தி ஏற்றினால் சமையலறையில் மணக்கிறதல்லவா? வாசனை போகும் இடமெல்லாம் புகையும் போகும். நடுவில் ஒரு திரைச்சீலை தொங்குவதை அது பொருட்படுத்தாது.

"சன்னலைத் திறந்து வைத்திருக்கிறோமே, மின்விசிறியும் சுழல்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். விசிறி காற்றைக் கலக்குகிறதே தவிர, வெளியேற்றுவதில்லை. சன்னல் எவ்வளவு உதவும்? ஒரு குடம் நிறைய மை கலந்த தண்ணீர் இருக்கிறது. அதில் இன்னொரு குடம் நல்ல தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். வழிந்தோடுவது மை மட்டுமன்று. இரண்டும் கலந்த நீர். முழுக் குடத்தையும் ஊற்றிய பிறகும் 37 சதவீத மை உள்ளே நிற்கும். அறைக் காற்றும் அப்படித்தான். மணிக்கு ஒரு முறை அறையின் கொள்ளளவுக்குச் சமமான காற்று வந்து போனால், ஒரு மணி நேரம் கழித்து 37 சதவீதப் புகையும், இரண்டு மணி நேரம் கழித்து 14 சதவீதமும், மூன்று மணி நேரம் கழித்து 5 சதவீதமும் எஞ்சும். அதற்குள் அடுத்த பீடியைப் பற்ற வைத்துவிடுகிறார்கள். திறந்த சன்னல் புகையைக் குறைக்கும், ஒழிக்காது. அடுத்தவர் புகையில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை; காற்றோட்டத்தாலோ தனி அறையாலோ அதை முழுவதும் நீக்க முடியாது. அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006ஆம் ஆண்டு அறிக்கை இதைத் தெளிவாகக் கூறிவிட்டது.

இந்தக் காற்றைத்தான் கருவுற்ற பெண் சுவாசிக்கிறாள். அதுவும் கூடுதலாகவே சுவாசிக்கிறாள். அவள் ஒரு நிமிடத்தில் உள்ளிழுக்கும் காற்று மற்ற நாட்களைவிட 30 முதல் 50 சதவீதம் வரை உயர்கிறது. இரண்டு உயிருக்கு மூச்சு வாங்குகிறாள் என்று நம் பாட்டிமார் சொல்வது அறிவியலுக்கும் பொருந்துகிறது. அவள் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். ஆனால் கார்பன் மோனாக்சைடை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாக இறுகப் பற்றிக்கொள்கிறது. பேருந்தில் இருக்கையைப் பிடித்தவர் எழுந்திருக்க மறுத்தால் அடுத்தவர் எங்கே உட்காருவது? தாயின் இரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறையவே சுமார் நான்கைந்து மணி நேரம் ஆகிறது. அது நச்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் இரத்தத்திலும் சேர்கிறது. அங்கே தாயிடம் இருப்பதைவிடச் சற்று அதிகமாகவே தேங்குகிறது. வெளியேறவும் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. நிகோட்டினும் நச்சுக்கொடியைத் தாண்டிச் செல்லும். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கும் பொருள்.

இதனால் என்ன கேடு? கருவுற்றிருக்கும்போது அடுத்தவர் புகையில் இருந்த தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளின் எடை சராசரியாகச் சிறிதளவு குறைகிறது என்பதும், பிறந்த பின் புகையில் வளரும் பச்சிளங்குழந்தைகள் தூக்கத்திலேயே திடீரென இறக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் உறுதியான முடிவுகள். "சிறிதளவுதானே" என்று விட்டுவிட முடியாது. மூன்று கிலோ எடையுள்ள குழந்தைக்கு அந்தச் சிறிதளவு பெரிதன்று. ஆனால் நம் நாட்டில் எத்தனையோ குழந்தைகள் இரண்டரைக் கிலோ என்ற எல்லைக்கோட்டின் அருகிலேயே பிறக்கின்றன. அவர்களைக் கோட்டுக்குக் கீழே தள்ள அந்தச் சிறிதளவே போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கருவுற்ற தொடக்கத்தில் தாயே புகைபிடித்தால் குழந்தைக்கு உதடும் அண்ணமும் பிளவுபடும் வாய்ப்பு கூடுகிறது என்று 2014ஆம் ஆண்டின் அமெரிக்க அறிக்கை கூறுகிறது. கிரகணத்தின் மேல் நாம் சுமத்திய பழி உண்மையில் புகையைச் சேர வேண்டியது!

"எங்கள் தாத்தா வீட்டுக்குள்ளேயே சுருட்டுப் பிடித்தார், பத்துப் பிள்ளைகளும் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?" என்ற வாதத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒரு வீட்டை வைத்து இதற்கு விடை காண முடியாது. ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டிவிட்டு அது கோணலா இல்லையா என்று சொல்ல முடியுமா? பல்லாயிரம் பேரைப் பல ஆண்டுகள் கவனிக்க வேண்டும். ஜப்பானில் தகேஷி ஹிரயாமா என்ற ஆய்வாளர் அப்படித்தான் செய்தார். புகைபிடிக்காத 91,540 மனைவியரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். கணவர் அதிகம் புகைக்கும் வீடுகளில் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வருவதை 1981இல் அறிவித்தார். வீட்டுப் புகை, புகைக்காதவரையும் தாக்கும் என்பதை உலகம் உணர அந்த ஆய்வு பெரிதும் உதவியது.

விறகடுப்பின் புகையும் கெடுதல்தானே என்று கேட்டால், ஆம், கெடுதல்தான். அங்கும் இதே துகள்களும் இதே வாயுவும் உண்டு. அதையும் குறைக்க வேண்டும். ஆனால் விறகு எரிந்தால் சோறாவது வேகிறது. பீடி எரிந்தால் என்ன வேகிறது?

பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை விதிக்கும் விதிகள் நம் நாட்டில் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தன. அந்தச் சட்டம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. 2016-17இல் நடந்த தேசிய அளவிலான புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தோர் 100 பேரில் ஏறத்தாழ 39 பேர் தம் வீட்டிலேயே அடுத்தவர் புகைக்கு ஆளாகிறார்கள். 2009-10இல் இது 52 ஆக இருந்தது. மாற்றம் வருகிறது என்பதில் மகிழ்ச்சி. ஆயினும் எஞ்சியிருப்பதை எந்தப் போலீசும் வந்து மாற்றப் போவதில்லை. வீட்டார்தாம் மாற்ற வேண்டும்.

யார் சொல்வது? மாமனாரிடமோ கணவரிடமோ "வெளியே போய்ப் பிடியுங்கள்" என்று மருமகள் சொல்வது பல வீடுகளில் எளிதன்று. அந்தச் சுமையை அவள் தலையில் ஏற்றுவது நியாயமும் அன்று. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட பரிந்துரைகள் இதை உணர்ந்தே எழுதப்பட்டுள்ளன. கருவுற்ற பெண்ணிடம் வீட்டுப் புகை பற்றிக் கேட்பதோடு நில்லாமல், கணவரிடமும் மற்ற வீட்டாரிடமும் சுகாதாரப் பணியாளர்களே நேரில் பேச வேண்டும் என்று அவை சொல்கின்றன. நம் ஊர்ச் செவிலியர் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும்போது, "இந்த வீட்டில் யார் புகைக்கிறார்கள்?" என்றும் கேட்கட்டும்.

இதற்கு நம் வழக்கத்திலேயே நல்ல இடம் ஒன்று உண்டு. பிள்ளை உண்டானது தெரிந்தவுடன் வீட்டுப் பெரியவர்கள் கூடி, எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று விதிக்கிறார்களல்லவா? அந்தப் பட்டியலின் முதல் வரியாக இதைச் சேர்க்கலாம்: இனி இந்த வீட்டு வாசலுக்குள் பீடியோ சிகரெட்டோ எரியாது. திண்ணையிலும் எரியாது, திண்ணைப் புகை சன்னல் வழியே உள்ளே வந்துவிடும். தெருவில் சற்றுத் தள்ளிப் போய்ப் பிடிக்கட்டும். வளைகாப்பு வரை காத்திருக்க வேண்டாம். அதற்குள் ஆறேழு மாதம் புகையில் கழிந்துவிடும். புகைப்பவர் அடியோடு விட்டுவிட்டால் எல்லாருக்கும் நல்லது. உதவி தேவைப்படுபவர்கள் 1800-11-2356 என்ற கட்டணமில்லா அரசு எண்ணில் ஆலோசனை பெறலாம்.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டில் அக்காவோ அண்ணியோ சித்தியோ கருவுற்றிருக்கலாம். பெரியவர்களோடு சண்டையிடச் சொல்லவில்லை. மை கலந்த குடத்துச் சோதனையை அவர்கள் கண்முன் ஒருமுறை செய்து காட்டுங்கள். எவ்வளவு ஊற்றினாலும் நீலம் போக மறுப்பதை அவர்களே பார்க்கட்டும். அடுத்த கிரகணம் வரும்போது, "அண்ணி, தக்க கண்ணாடி தருகிறேன், நீங்களும் வந்து பாருங்கள்" என்று அழையுங்கள்.