ரிப்போர்ட் நார்மல்தான், தலைவலி?

போன மாதம் தங்கமணியின் எம்.ஆர்.ஐ ரிப்போர்ட் வந்தது. எல்லாம் நார்மல். இருந்த பயமெல்லாம் போய் வாய் சும்மா இருக்காமல், "பாத்தியா, உனக்கு ஒண்ணுமே இல்லையாம்" என்று சொல்லிவிட்டேன். "அப்ப எனக்கு வலிக்கறது பொய்யாங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

பதினைந்து வருட ஒற்றைத்தலைவலி. எங்கள் நாக்பூர் பக்கத்தில் மராத்திக்காரர்கள் 'அர்தஷிஷி' என்பார்கள். அங்கேயும் பாதித் தலைதான்!

அந்தக் கேள்வி உறுத்தவே, கொஞ்சம் படித்துப் பார்த்தேன். நான் பி.காம், அதனால் எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். சாதாரண எம்.ஆர்.ஐ என்பது மார்ச் 31 பேலன்ஸ் ஷீட் மாதிரி. கட்டி, ரத்தக்கசிவு போன்றவை இருக்கிறதா என்று காட்டும். மூளைக்குள் அன்றாடம் நடக்கும் வரவு செலவு அதில் தெரியாது. அதைப் பார்க்க ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ, பெட் ஸ்கேன் என்று வேறு வழிகள் உண்டு. மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அங்கே ரத்த ஓட்டம் கூடும், அதைப் பிடிப்பார்கள்.

அப்படிப் பிடித்த மூன்று விஷயங்கள் என்னைத் தலைகுனிய வைத்தன.

ஒன்று. வலிக்கு முன்னால் கண்ணில் வளைந்து நெளிந்து கோடு ஓடுகிறது என்பாள். நான் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்! 2001-ல் அமெரிக்காவில், கூடைப்பந்து ஆடினால் இந்த 'ஆரா' வந்துவிடும் என்றிருந்த ஒருவரை ஆடவிட்டு ஸ்கேனருக்குள் அனுப்பினார்கள். பார்வைக்கான மூளைப்பகுதியில் ஒரு மாற்றம் நிமிடத்துக்குச் சுமார் 3.5 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்ந்து போனது. கோளாறு கண்ணில் இல்லை.

இரண்டு. முந்தின நாள் ஓயாமல் கொட்டாவி விடுவாள், இனிப்பு தேடுவாள். மறுநாள் வலி வந்ததும், "கண்டதைத் தின்னே, அதான்" என்பேன். 2016-ல் ஹாம்பர்க்கில் ஒரே நோயாளியை 30 நாள் தினமும் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். வலி தொடங்குவதற்கு முந்தைய 24 மணி நேரத்திலேயே ஹைப்போதலாமஸ் மாறத் தொடங்கியிருந்தது. பசி, தூக்கத்தைக் கவனிக்கும் இடம் அது. ஒரே ஆளை வைத்து எல்லாம் முடிவாகாது, சரிதான். ஆனால் இனிப்பு தின்றதால் வலி வந்ததா, வலி கிளம்பிவிட்டதால் இனிப்பு தேடியதா என்று யோசிக்க வேண்டாமா?

மூன்று. "மாத்திரை போட்டாச்சே, எழுந்திரு." 1995-ல் ஜெர்மனியில் 9 பேரை வலி வந்த நேரத்திலேயே பெட் ஸ்கேனில் வைத்தார்கள். மூளைத்தண்டில் ஒரு பகுதி அதிகமாக வேலை செய்தது. ஊசி போட்டு வலி அடங்கிய பிறகும் அது ஓயவில்லை. வலி நின்றால் எல்லாம் முடிந்தது என்று நாம் எப்படிச் சொல்வது?

இதைப் படித்துவிட்டு யாரும் ஆஸ்பத்திரியில் போய் ஃபங்ஷனல் ஸ்கேன் எடுங்கள் என்று கேட்காதீர்கள். அது ஆராய்ச்சிக்கானது. இன்றைக்கும் டாக்டர்கள் ஒற்றைத்தலைவலியைக் கண்டுபிடிப்பது நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான். சாதா ஸ்கேன் வேறு வியாதி இல்லை என்று உறுதி செய்ய. திடீரென்று இதுவரை இல்லாத வலி வந்தால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். நார்மல் ரிப்போர்ட் நல்ல செய்தி. வலி இல்லை என்பதற்கு அது சர்டிஃபிகேட் கிடையாது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வரும் வியாதி இது. ஊரில் இருந்தால் அம்மாவோ அத்தையோ வந்து அடுப்பைப் பார்த்துக்கொள்வார்கள். நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் வீட்டில் நாமும் நம்பாவிட்டால் அவர்களுக்கு வேறு யார்?

இப்போது அவள் கொட்டாவி விட்டால் டைரியில் தேதி குறிக்கிறேன், டாக்டரிடம் காட்ட. ராத்திரிக்கு அரிசியும் பருப்பும் குக்கரில் நானே வைத்துவிடுகிறேன்.

டிஸ்கி: சாதம் குழைந்துதான் போகிறது. அதற்கு எந்த ஸ்கேனும் தேவையில்லை :-)