நாலு சக்கரம் ஓட நிலம் எங்கே?

மோட்டார் சைக்கிள் வாங்க நம் வீடுகளில் யாரும் கூட்டம் போடுவதில்லை. வேலைக்குப் போக வேண்டும், வாங்கிக்கொள் என்று சொல்லிவிடுவார்கள். கார் என்றால் நல்ல நாள் பார்ப்பார்கள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வாங்கி வைப்பார்கள். குவாட் பைக் என்று ஒருவன் பேச்செடுத்தால் மட்டும் பெரியவர்களுக்கு என்ன சொல்வதென்றே தெரிவதில்லை. எங்கள் குடும்பத்தில் சில வாரங்களாக அந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

புக்கிட் பெலண்டோக்கில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்கு 27 வயது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது நீலாயில் தொழிற்சாலை வேலை. யமஹா ராப்டர் 700 ஆர் புது வரவு வந்திருக்கிறதாம். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, மீதிக்குத் தனிநபர் கடன் எடுக்கலாம் என்கிறான். “அக்கா, நீங்கதான் அப்பாகிட்ட பேசணும்” என்று என்னிடம் வந்து நின்றான். வானொலியில் தினமும் பேசுகிறவள் என்பதால் வீட்டு வழக்குகளுக்கும் நான்தான் வக்கீல்.

அவன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். “மூணு தலைமுறையா இந்தத் தோட்டத்துல வேலை மட்டும்தான் பார்த்திருக்கோம். தாத்தா பால் மரம் வெட்டினாரு, அப்பா செம்பனைக் குலை வெட்டுறாரு. இதே பாதையில நான் ஒரு நாள் சந்தோஷமா சுத்திட்டு வந்தா என்னக்கா தப்பு?” என்றான். தப்பே இல்லை. ஆசைப்படுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஆனால் வண்டிக்குக் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன.

முதல் கேள்வி, இது எவ்வளவு புதிது? ராப்டர் 700 சந்தைக்கு வந்தது 2006-இல். அதன் 686 சிசி இயந்திரத்தின் அடிப்படை அன்றிலிருந்து அதிகம் மாறவில்லை. நடுவில் சில மேம்பாடுகள் உண்டு. ஆனாலும் ஆண்டுதோறும் ‘புது வரவு’ என்று வருவதில் பெரும்பங்கு நிறமும் ஸ்டிக்கரும்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். ஹோண்டா, சுஸுகி, கவாசாகி மூன்றும் ஒரு காலத்தில் 450 சிசி ஸ்போர்ட் குவாட்டுகளைப் போட்டி போட்டு விற்றன. மூன்றுமே அவற்றை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கப்சாய்க்கு உதிரிபாகம் எந்தக் கம்பத்துப் பட்டறையிலும் கிடைக்கும். இதற்கு அப்படி எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது, இதை வைத்து வேலை செய்ய முடியுமா? “தோட்ட வேலைக்கும் உதவும்” என்று சித்தப்பாவை மடக்கப் பார்த்தான் தம்பி. சித்தப்பா படத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “குலையை எங்கேடா வைக்கிறது?” என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டது சரி. விவசாயத்துக்கான ஏடிவிக்கு முன்னும் பின்னும் சுமைத்தட்டு இருக்கும். பலவற்றில் நான்கு சக்கரமும் இழுக்கும். ஸ்போர்ட் குவாட்டில் தட்டு கிடையாது. இழுப்பது பின்சக்கரம் இரண்டு மட்டும். ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் இடம். பின்னால் இன்னொருவரை ஏற்றக்கூடாது. இது விளையாட்டு வண்டி. விளையாட்டு வண்டி என்று சொல்லியே வாங்கலாமே.

மூன்றாவது, பாதுகாப்பு. நான்கு சக்கரம் இருப்பதால் விழாது என்று நினைக்கிறோம். இந்த வண்டியின் எடை சுமார் 190 கிலோ, அதாவது ஏறக்குறைய இரண்டு கப்சாய். பின்சக்கரங்கள் ஒரே அச்சில் பூட்டியிருப்பதால் வளைவிலும் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். மோட்டார் சைக்கிள் வளைவில் தானே உள்பக்கம் சாயும். குவாட் வெளிப்பக்கம் கவிழப் பார்க்கும். ஓட்டுகிறவர்தான் உடம்பை உள்பக்கம் சாய்த்து அதைப் பிடித்து வைக்க வேண்டும். கப்சாய் ஓட்டிப் பழகிய நமக்கு வண்டி ஆட்டம் கண்டால் காலை ஊன்றும் பழக்கம் உண்டு. இங்கே காலை ஊன்றினால் பின்சக்கரம் அந்தக் கால் மேலேயே ஏறிவிடும்.

இதெல்லாம் சும்மா பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவில் மூன்று சக்கர ஏடிவிகளால் விபத்துகள் பெருகியதால், 1988-இல் அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி தயாரிப்பாளர்கள் அவற்றின் விற்பனையையே நிறுத்தினார்கள். பெரியவர்களுக்கான ஏடிவியை 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் ஓட்டக்கூடாது என்பது இன்றும் அங்கே தரப்படும் அறிவுரை. ஆஸ்திரேலியாவில் பண்ணை வேலைக்கு விற்கப்படும் புதிய குவாட் பைக்குகளில், கவிழ்ந்தாலும் ஓட்டுநர் நசுங்காமல் காக்கும் சட்டம் பொருத்தியிருக்க வேண்டும் என்பது 2021 அக்டோபரிலிருந்து கட்டாயம். பழகிய விவசாயிகளே அடியில் மாட்டிக்கொண்டதால் வந்த விதி அது. நம் ஊரில் அண்ணன் வாங்கினால் பன்னிரண்டு வயதுத் தம்பியும் “ஒரு ரவுண்டு” கேட்பான். சாவியை யார் வைத்திருப்பது என்பதையும் வாங்கும் முன்பே பேசிவிட வேண்டும்.

நான்காவது கேள்விதான் என்னை யோசிக்க வைத்தது. இதை எங்கே ஓட்டுவது? நம் நாட்டில் பதிவு இல்லாத வாகனத்தைப் பொதுச் சாலையில் ஓட்டினால் குற்றம். ஏடிவிக்கு ஜேபிஜே சாலைப் பதிவு தருவதில்லை. வீட்டு வாசலிலிருந்து எதிர்த் தோட்டத்துக்குச் சாலையைக் கடந்து போவதானாலும் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். சாலை வரி இல்லை, சாலை வாகனங்களுக்கான வழக்கமான காப்புறுதி இல்லை, பின்னாளில் விற்கும்போது காட்ட கிராண்டும் இல்லை. வாங்கிய ரசீதுதான் எல்லாம்.

அப்படியானால் சொந்த நிலம் வேண்டும், அல்லது நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும். புக்கிட் பெலண்டோக்கில் செம்மண் பாதைக்கும் மேடு பள்ளத்துக்கும் குறைவில்லை. 1998, 1999-இல் நிப்பா கிருமி பரவி, பன்றிப் பண்ணைகள் மூடப்பட்ட பிறகு, அந்த நிலங்களிலும் பல இடங்களில் செம்பனை வந்துவிட்டது. ஆனால் தம்பி ஓட்ட நினைக்கும் பாதையில் அவன் பெயரில் ஓர் அடி கூட இல்லை. மூன்று தலைமுறை உழைத்த தோட்டத்தில் குடும்பத்துக்குச் சொந்தமாக இருப்பது சட்டி பானையும் சாமி படமும்தான். குடியிருக்கும் வீடும் தோட்டத்துடையது. சித்தப்பாவுக்கு இன்னும் மூன்று ஆண்டில் 60 ஆகிறது. ஓய்வு பெற்றதும் அந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

இதைச் சொன்னதும் தம்பி அமைதியாகிவிட்டான். பிறகு, “அப்போ எனக்குன்னு ஒண்ணும் வாங்கவே கூடாதாக்கா?” என்றான். நியாயமான கேள்வி. அப்பா ஓய்வு பெறுகிறார் என்பதற்காக 27 வயதுப் பையன் எல்லா ஆசையையும் மூட்டை கட்டி வைக்க வேண்டுமா? வேண்டாம். நான் சொன்னது இவ்வளவுதான். போர்ட்டிக்சன் பக்கம் ஏடிவியை வாடகைக்கு விடுகிறார்கள். ராப்டர் கிடைக்காது, ஆனால் வண்டி எப்படித் திரும்புகிறது என்று உடம்புக்குப் புரியும். ஆறு மாதம் போய் ஓட்டு. தலைக்கவசம், கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ் எல்லாவற்றுக்கும் விலை கேட்டு வை. தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கிடைக்குமா என்று கேள். அந்த ஆறு மாதமும் கடன் தவணைக்குக் கட்டப்போகும் பணத்தைத் தனிக்கணக்கில் போட்டு வா. அதற்குப் பிறகும் ஆசை அப்படியே இருந்தால், சித்தப்பாவிடம் நானே வந்து பேசுகிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பேச்சு நடந்தால், பெரியவர்கள் “வேண்டாம்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். பிள்ளைகளும் மாதத் தவணையை மட்டும் கணக்குப் போடாதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள். ராப்டர் அடுத்த ஆண்டும் வேறு நிறத்தில் வரும். வீட்டுக்கு முன்பணம் கட்ட சித்தப்பா குடும்பத்துக்கு இருப்பது மூன்றே ஆண்டுகள்.