மஞ்சள் ரோஜாவும் உவர்க் கிணறும்

தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டைப் பக்கத்தில், வீட்டுக் கொல்லையில் மணமுள்ள மஞ்சள் ரோஜா வைக்க விரும்பும் நிலச்சுவான்தார்கள் ஓசூரிலிருந்து ஒட்டுச்செடி தருவித்து நடுகின்றனர். சில மாதங்களில் இலையோரம் கருகக் கண்டு, இம்மண்ணுக்கு ரோஜா ஆகாதென்று கைவிடுவதுமுண்டு. இத்தீர்ப்பு சரியன்று. குற்றம் பெரும்பாலும் கிணற்று ஜலத்தினுடையது. உப்பளங்கள் நிறைந்த இக்கரையில் பல கிணறுகள் உவர்ப்பென்பது யாவரும் அறிந்ததே. தென்னை தாங்கும் உவர்ப்பை ரோஜா தாங்காது.

1900-இல் பிரான்சு தேசத்துப் பெர்னே-துஷே என்பார் பாரசீக மஞ்சள் ரோஜாவைக் கலந்து ‘சொலேய் தோர்’ இனத்தை வெளியிட்டார். பிற்கால மஞ்சள் இனங்களிற் பெரும்பாலான அவ்வழி வந்தவை. நிறத்தோடு கரும்புள்ளி நோய்க்கு இடங்கொடுக்கும் சுபாவமும் வந்தது. பாரசீக மஞ்சளின் வாசனையோ நல்லதன்று. ஆதலின் நிறங்கண்டு வாங்கலாகாது. 1950-இல் வெளிவந்த ‘சட்டர்ஸ் கோல்ட்’ போன்று மணத்துக்குப் பேர்பெற்ற இனத்தைக் கேட்டு வாங்குதல் வேண்டும். கரும்புள்ளி ஈர இலையிற் பரவுவது. வறண்ட இப்பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கே அதற்கு அஞ்ச வேண்டும். இவ்வகையில் மலைநாட்டாரினும் இங்குள்ளோர் பாக்கியசாலிகள்.

ஆகவே மருந்தினும் ஜலத்திற்கே பணம் செலவிடத்தக்கது. செடி வாங்குமுன் கிணற்று ஜலத்தைப் பரிசோதனைக்கு அனுப்புக. உவர்ப்பாயின், கூரை மழைநீரைத் தொட்டியில் சேர்த்து, அது எத்தனை செடிக்குப் போதுமோ அத்தனையே, இரண்டாயினும், வைத்தல் தகும். நீரை வேரடியில் விடுக, இலைமேல் தெளிக்கலாகாது. ஒட்டுக்குக் கீழ்க் கிளைக்கும் துளிரை உடனே அறுத்தெறிக. அதை வளரவிட்டு, அடிச்செடி மேலோங்கியபின், மஞ்சட் பூ நிறம் மாறிற்றென்று நாற்றுக்காரரை நொந்துகொள்வாரும் உளர்.