ஹைஃபு: கத்தியில்லா 'ஃபேஸ்லிஃப்ட்' யாருக்குப் பொருந்தும், யாருக்கு ஆபத்து?

"கத்தி இல்லை, ஊசி இல்லை, லஞ்ச் பிரேக்கில் முடிந்துவிடும்." இன்ஸ்டாகிராமில் ஒரு அழகு கிளினிக் ரீல்ஸைப் பார்த்துவிட்டால் போதும், அடுத்த ஒரு வாரத்துக்கு இதே வசனம் உங்களைத் துரத்தும். கல்யாணப் பேக்கேஜ், தீபாவளி ஆஃபர், தோழியோடு வந்தால் தள்ளுபடி என விற்கப்படும் இந்தச் சிகிச்சையின் பெயர் ஹைஃபு. குவிக்கப்பட்ட அல்ட்ராசவுண்ட் அலைகளால் தொய்ந்த சருமத்தை இறுக்குவதுதான் இதன் வேலை. இப்போது 25 வயதைத் தாண்டியவர்களிடமும் "தொய்வு வருவதற்கு முன்னாடியே பண்ணிக்கோங்க" என்கிறார்கள்.

இது ஏமாற்று வேலை இல்லை. அறிவியல் உண்மையானதுதான். ஆனால் சரியான முகத்துக்கு, சரியான கருவியை, சரியான ஆள் பயன்படுத்தும்போது மட்டுமே அது சரியாக வேலை செய்யும். விளம்பரங்கள் பேசாத விஷயம் இதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

சின்ன வயதில் லென்ஸை வெயிலில் காட்டிப் பேப்பரில் ஓட்டை போட்டிருப்போமே, அதே கணக்குதான். இங்கே வெயிலுக்குப் பதில் ஒலி அலை. சருமத்தின் மேல்பரப்பைத் தாண்டி, 1.5, 3 அல்லது 4.5 மில்லிமீட்டர் ஆழத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளில் மட்டும் வெப்பம் குவிகிறது. அந்தப் புள்ளியில் 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறும். சூட்டில் கொலாஜன் சுருங்கும். பிறகு அந்தக் குட்டிக் காயங்களை ஆற்றுவதற்காக உடல் புதிய கொலாஜனை உருவாக்கும். அதாவது, இந்தச் சிகிச்சையே திட்டமிட்டு ஏற்படுத்தும் காயம்தான்.

புதிய கொலாஜன் உருவாக இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும். அதனால் "அடுத்த வாரம் ரிசப்ஷன், இந்த வாரம் ஹைஃபு" என்பது வேலைக்கு ஆகாது. வலிக்குமா? வலிக்கும், குறிப்பாகத் தாடை எலும்பை ஒட்டிய இடங்களில். கிடைக்கும் மாற்றமும் மிதமானதுதான், அதுவும் நிரந்தரம் இல்லை. ஃபேஸ்லிஃப்ட் அறுவை சிகிச்சையோடு ஒப்பிடுவது விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

நம் நிறத்துக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. லேசர் கருவிகள் பலவற்றின் ஒளியை மெலனின் உறிஞ்சிக்கொள்வதால் மாநிறம், கருநிறம் கொண்டவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. ஒலி அலைக்கு நிற வித்தியாசம் தெரியாது. ஆனால் ஜெல் சரியாகப் பூசாமலோ, புரோபைச் சருமத்தில் முழுமையாகப் படியவைக்காமலோ சுட்டால், வெப்பம் மேல்பரப்பிலேயே தங்கிக் கோடு கோடாகத் தீக்காயம் வரலாம். அப்போது நம் சருமத்தில் கருமை படிய வாய்ப்பு அதிகம்.

மில்லிமீட்டர் பிசகினால்

4.5 மில்லிமீட்டர் என்பது கருவியின் கணக்கு. உங்கள் முகம் அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டதல்ல. கொழுத்த கன்னத்தில் அந்த ஆழத்தில் ஒன்று இருக்கும், ஒல்லியான கன்னத்தில் வேறொன்று இருக்கும். நெற்றியிலும் பொட்டுப் பகுதியிலும் திசு இன்னும் மெல்லியது. புருவத்தைத் தூக்கும் நரம்பும், கீழுதட்டை அசைக்கும் நரம்பும் சில இடங்களில் மேலாகவே ஓடுகின்றன. வெப்பம் அங்கே பட்டால் புருவம் இறங்கலாம், சிரிப்பு ஒருபக்கமாகக் கோணலாம். இது அரிது. பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். ஆனால் அந்த மாதங்களில் தினமும் வீடியோ மீட்டிங்கில் உட்கார வேண்டியவர் நீங்கள்.

சிவந்துபோவது, லேசான வீக்கம், தொட்டால் வலி, கூச்ச உணர்வு போன்றவை சகஜம், தானாகவே அடங்கிவிடும். கொழுப்புப் படலம் சூடாகிக் கன்னம் ஒட்டிப்போவது அப்படிப்பட்டதல்ல. எடைக்குறைப்பு ஊசி போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மௌஞ்சாரோ 2025 மார்ச்சிலும், வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. வேகமாக எடை குறையும்போது முகக் கொழுப்பும் கரைந்து சருமம் தொங்கும். உடனே "டைட்டனிங் பண்ணிடலாம்" என்பார்கள். ஏற்கெனவே கொழுப்பை இழந்த முகத்தில் மேலும் கொழுப்பு போனால், வயது கூடித் தெரியும்.

அப்படியானால் யாருக்குத்தான் இது? முப்பதுகளின் பிற்பகுதியிலிருந்து, தாடையிலோ கழுத்திலோ மிதமான தொய்வு தெரியத் தொடங்கியவர்களுக்கு. தொய்வே இல்லாத 26 வயது முகத்தில் இறுக்குவதற்கு என்ன இருக்கிறது? அந்தப் பணத்துக்குப் பத்து வருடத்துக்கான சன்ஸ்கிரீன் வாங்கலாம். அதிகமாகத் தொங்கும் சருமத்துக்கும் இது போதாது. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், சிகிச்சை செய்யும் இடத்தில் திறந்த காயமோ சீழ்க்கட்டிப் பருக்களோ இருப்பவர்கள் தவிர்க்க வேண்டும். ஃபில்லர் போட்டவர்கள், தழும்பு தடித்து வளரும் உடல்வாகு கொண்டவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

"எஃப்.டி.ஏ அப்ரூவ்டு" என்றால்?

போஸ்டரில் இப்படிப் போட்டிருந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தக் கருவிக்கு? அமெரிக்க எஃப்.டி.ஏ 'ஹைஃபு' என்ற பொதுவான பெயருக்கு அனுமதி தரவில்லை. அல்தெரபி என்ற குறிப்பிட்ட கருவிக்கு 2009-ல் புருவத்தை உயர்த்தவும், 2012-ல் தாடைக்குக் கீழும் கழுத்திலும், 2014-ல் மார்பின் மேற்பகுதிச் சுருக்கங்களுக்கும் அனுமதி தந்தது. சருமத்தின் அடுக்குகளைத் திரையில் பார்த்தபடியே சுடும் வசதி அதில் உண்டு. சந்தையில் உள்ள பல கருவிகளில் அது கிடையாது. ஒரே நகரத்தில் சில ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேல் வரை விலை மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜப்பான் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றது. அங்கே நுகர்வோர் பாதுகாப்பு விசாரணைக் குழு 2023 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில், ஹைஃபு தொடர்பாக 135 விபத்துப் பதிவுகள் இருந்தன. தீக்காயம், நரம்புப் பாதிப்பு எல்லாம் அதில் உண்டு. 2024 ஜூனில், இதை டாக்டர்கள் மட்டுமே செய்ய வேண்டும் என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் தெளிவுபடுத்தியது.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தும் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டன. ஆனால் பல இடங்களில் நடப்பது என்ன? ஐந்து நிமிடம் டாக்டர் பார்ப்பார், அடுத்த ஒரு மணி நேரம் புரோப் 'தெரபிஸ்ட்' கையில் இருக்கும். முடி மாற்று சிகிச்சை போன்ற அழகியல் அறுவை சிகிச்சைகளுக்கான 2022 வழிகாட்டுதலில், யூடியூபில் பார்ப்பது போதிய பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் எழுதவே வேண்டியிருந்தது. நிலைமை அப்படி.

எனவே பணம் கட்டும் முன் கூச்சப்படாமல் கேளுங்கள். கருவியின் பெயர், மாடல் என்ன? இறக்குமதி உரிமம் இருக்கிறதா? புரோபைப் பிடிக்கப்போவது யார்? டாக்டரின் பதிவு எண்ணை மாநில மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் சரிபார்க்கலாம். சில நாள் 'காஸ்மெட்டாலஜி' சான்றிதழ் என்பது தோல் மருத்துவப் பட்டம் அல்ல. "உங்களுக்கு இது தேவையில்லை" என்று சொல்லும் டாக்டர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

செய்த பிறகு கொப்புளம், கோடு கோடாகத் தழும்பு, முகத்தில் அசைவுக் குறைவு, பார்வை மங்கல் எது தெரிந்தாலும் "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்ற வாட்ஸ்அப் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். வேறொரு தோல் மருத்துவரை உடனே பாருங்கள், பார்வைப் பிரச்சினை என்றால் கண் மருத்துவரை. தினமும் போட்டோ எடுத்துத் தேதியோடு வையுங்கள். அழகு சிகிச்சைச் செலவை உங்கள் ஹெல்த் இன்ஷூரன்ஸ் பொதுவாக ஏற்காது. ஆனால் காசு வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லும் ஒப்புதல் படிவத்தின் நகலும் கையில் இருந்தால் புகார் எளிது. ஆஃபரில் செய்தவர்கள் பலர் அன்று வாங்காமல் விடுவது இந்த இரண்டையும்தான்.